ஏழு மொடக்கும் ஒரு குறுக்கும்

அந்தப் படத்தில் இருப்பது நான்தான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒற்றையடிப் பாதையில், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வாயைப் பிளந்தபடி ஏறி வருகிறேன். பின்னால் பனி விலகுகிறது. ஓரத்தில் ஒரு பிரம்புக் கூடையின் விளிம்பு மட்டும் தெரிகிறது. சைக்கிள் சவாரியை நடத்தியவர்கள் அதைத் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் போட்டு, 'மலை தன் பிள்ளைகளைக் கைவிடுவதில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த முறை நடக்கப்போகும் சவாரிக்கு அதுதான் விளம்பரம். என்னோடு படித்தவர்கள் எல்லாம் "மச்சான், கலக்கிட்ட" என்று அனுப்புகிறார்கள்.

படம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அதே ஆட்கள்தான் என் நெஞ்சில் குத்தியிருந்த போட்டி இலக்கத்தைப் பிடுங்கினார்கள். கள்ளன் என்றும் சொன்னார்கள். என் அம்மாவுக்கு முன்னால் சொன்னார்கள். இதை அந்தப் படத்துக்குக் கீழே எழுதினேன், அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சைக்கிள் விஷயத்தில் நான் மலையின் பிள்ளையே கிடையாது. மன்னாரின் பிள்ளை.

எங்கள் தோட்டத்து டிவிஷனில் ஆறு லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். நான் வளர்ந்த காலத்தில் அந்த ஆறு லயத்திலும் சேர்த்து ஒரு சைக்கிள் இருந்ததில்லை. இருந்தாலும் எங்கே ஓட்டுவது? வாசலைத் தாண்டினால் தண்ணீர் ஓடும் கான், கானைத் தாண்டினால் படி, படியைத் தாண்டினால் தேயிலை. ரோடு இருந்தது. தலவாக்கலையைத் தாண்டி மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, ஏழு மொடக்கு, ஏழு கொண்டை வளைவு, வளைந்து வளைந்து ஏறி, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்து அப்பால் போகும் ரோடு. ஆனால் அது தோட்டத்தை நடத்தும் தொரையின் ஜீப்புக்கும் கொழுந்து லொறிக்கும்தான். எங்களுக்குக் குறுக்கு இருந்தது. ஏழு மொடக்கையும் சுற்றாமல், தேயிலைக்கு நடுவே கல் படி வைத்து நேராக ஏறுகிற பாதை. பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு, கடைக்குக் குறுக்கு, கோயிலுக்குக் குறுக்கு. ரோட்டால் ஒருவர் நடந்து வந்தால் "யாரு அது, வெளியாளா?" என்று கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டம் முடித்து, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெரிய பெயருள்ள சின்ன வேலை கிடைத்து மன்னாருக்குப் போனபோது எனக்கு இருபத்து நான்கு வயது. அங்கே எல்லாரும் சைக்கிளில்தான் போவார்கள், பெரிய உத்தியோகத்தர் உட்பட. எங்கள் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாளே தன் சைக்கிளை என் பக்கம் தள்ளி, "தம்பி, உதில ஏறி ஓடிப்போய் ரெண்டு வடை வாங்கிக்கொண்டு வாரும்" என்றார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே போய் வாங்கி வந்தேன். வடை ஆறிவிட்டது.

"என்னப்பா, சைக்கிள் ஓடத் தெரியாதோ? பகிடி விடாதையும். அப்ப உங்கட ஊரில பள்ளிக்கூடத்துக்குக் குதிரையிலயோ போறனீர்?"

அவர்தான் கற்றுக்கொடுத்தார். விழுந்தேன், எழுந்தேன், இரண்டு வருடத்தில் அவரோடு தலைமன்னார் வரைக்கும் போய்த் திரும்பும் அளவுக்கு ஆனேன். அவருடைய பழைய ரேசிங் சைக்கிள்தான் இப்போது என்னிடம் இருப்பது. மன்னாரில் ரோடு ஏறுகிற ஒரே இடம் பாலம். மற்றபடி காற்றுதான். எதிர்க்காற்றில் தலையைக் குனிந்து மிதிக்கும்போது அண்ணன் சொல்வார்: "காத்தும் ஏத்தமும் ஒண்டுதான் தம்பி. ரெண்டும் ஆளைப் பின்னுக்குத் தள்ளும்." நான் நம்பினேன். மலையில் பிறந்த நான், ஏற்றத்தைப் பற்றி மன்னார்க்காரர் சொன்னதை நம்பினேன்.

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு சைக்கிள் சவாரி நடக்கப்போகிறது என்று அண்ணன்தான் காட்டினார். பாதையின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெயின் ரோட்டு வாகனத்தைத் தவிர்க்க, தலவாக்கலைக்குப் பிறகு ஒரு தோட்டத்து ரோட்டால் ஏறுகிறார்கள். ஏழு மொடக்கு. எங்கள் ரோடு. மடுவத்தில் தண்ணீர் கொடுக்கும் இடம்.

இருவரும் பதிந்தோம். பதிவுப் படிவத்தில் நிரந்தர முகவரி கேட்டிருந்ததால் தோட்டத்து முகவரியை எழுதினேன். இரண்டு நாளில் ஏற்பாட்டாளர் ஒருவர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க எஸ்டேட்ல பிறந்தவரா? அப்ப உங்களுக்கு இது சும்மா விளையாட்டு. மலைக்காரங்களுக்கு லங்ஸே வேற மாதிரி இருக்கும், இல்லையா?"

"நான் மன்னார்லதான் ஓட்டுறேன் சார். சமதரையில."

"அதெல்லாம் ரத்தத்துல இருக்கும்" என்று சிரித்துவிட்டு, என்னை வேகமாக ஏறுகிறவர்களின் முதல் கூட்டத்தில் போட்டார். அண்ணனைக் கடைசிக் கூட்டத்தில். கொழுந்து மூட்டை சுமந்து சுமந்து முதுகு வளைந்த சனத்தைப் பார்த்து நெஞ்சுக்கூடு நல்லாயிருக்கும் என்று சொல்ல எப்படி ஒருவருக்கு வாய் வருகிறது என்று அன்றைக்கே எனக்குக் கோபம். ஆனால் போனில் "தேங்க் யூ சார்" என்றுதான் சொன்னேன். அந்தக் கோபமும் சேர்ந்துதான் இப்போது வருகிறது.

அன்று மாலையே அம்மாவுக்கு எடுத்தேன்.

"அம்மா, வார மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம நான் மலைக்கு வாறேன்."

"எந்த மலைக்கு?"

"நம்ம மலைக்குத்தாம்மா. பன்னெண்டாம் நம்பர் வழியாத்தான்."

"வேலையில இருந்து நிப்பாட்டிட்டாங்களா?"

எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "சொல்லு சாமி. என்ன செஞ்ச? யார எதுத்துப் பேசின? ஒன்ன மலைக்கு அனுப்பவா நான் இத்தன வருசம் மலைக்குப் போனேன்?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் பேச்சில் மலை என்றால் மலை இல்லை. கொழுந்து பறிக்கிற இடம். ஏழாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை. மலைக்குப் போகிறேன் என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். நாலு வருடம் மன்னாரில் இருந்து, அவர்கள் சொல்வதுபோல் நானும் ஊரை 'மலை' என்று சொல்லப் பழகியிருந்தேன். சிரித்துச் சிரித்து விளக்கியும் அம்மாவுக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை.

"சைக்கிளா? நம்ம ரோட்டுலயா? சும்மா ஏறுறதுக்கா அம்புட்டுத் தூரத்துல இருந்து வாற?"

"சும்மாதாம்மா."

"ஒங்க ஆபீசுல வேற வேலையே இல்லையா?" பிறகு, "மடுவத்துக்கிட்ட எத்தன மணிக்கு வருவ?"

"ஒம்பதரைக்கு."

"ஏற ஏலாட்டி?"

"ஏலாதவங்கள ஏத்திக்கிட்டு வர பின்னால ஒரு லொறி வருமாம்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று தோட்டத்தில் வேறு வாகனம் இல்லை என்று கொழுந்து லொறியில்தான் ஏற்றினார்கள். மூட்டைகளுக்கு நடுவே, இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கை விரித்துக் கிடத்தினார்கள். அதே லொறியில்தான் மறுநாள் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அம்மா எவ்வளவு தூரமானாலும் அந்த லொறியில் ஏறியதில்லை.

"லொறியில வரமாட்டேம்மா. சத்தியமா சைக்கிள்லதான் வருவேன்."

"ஒம்பதரைக்குப் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்று வைத்துவிட்டார்.

அவ்வளவுதான் நான் கொடுத்த வாக்கு. பரிசு வேண்டாம், நுவரெலியா வரைக்கும் போகாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் தோட்டத்துக்குள் அந்த லொறியில் மட்டும் போய் இறங்கக் கூடாது.

சவாரி அன்று காலையில் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த லொறியைப் பார்த்தேன். பச்சை நிறம், பக்கத்தில் கம்பி வலை, அடியில் காய்ந்த கொழுந்து. வலைக்கு மேலே சவாரியின் பெயர் போட்ட பதாகையைக் கட்டியிருந்தார்கள். இது அப்பாவைக் கொண்டுபோன லொறி இல்லை, அது எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஆனால் எல்லாக் கொழுந்து லொறிக்கும் ஒரே மணம்தான்.

தலவாக்கலை வரைக்கும் இறக்கமும் ஏற்றமுமாகச் சமாளித்தேன். முதல் கூட்டத்தில் கிளம்பியவன், ஒவ்வொரு கூட்டமும் என்னைத் தாண்டிப் போகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அண்ணன் வந்து சேர்ந்தார். "என்ன தம்பி, எனக்காகக் காத்து நிண்டனீரோ?" என்றார். பாவம், உண்மையாகவே அப்படி நினைத்துக் கேட்டார்.

தோட்டத்து ரோட்டின் முதல் மொடக்கில் முன்பக்கப் பல்சக்கரத்தைச் சின்னதுக்கு மாற்ற கியர் லீவரைத் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். ம்ஹூம். மன்னாரில் நான் ஒரு நாளும் சின்னப் பல்லைத் தொட்டதில்லை, தொடத் தேவையும் வந்ததில்லை. உப்புக்காற்று உள்ளே போய்த் துருவேறி, அது அப்படியே இறுகிக் கிடந்திருக்கிறது. சமதரைக்காரன் செய்கிற தவறு அது. ஏழு மொடக்கையும் பெரிய பல்லிலேயே மிதிக்க வேண்டும்.

இரண்டாம் மொடக்கில் அண்ணன் இறங்கிவிட்டார். லொறி மெதுவாக வந்து அவர் பக்கத்தில் நின்றது.

"தம்பி, எனக்கு இந்த மானம் கீனம் ஒண்டும் இல்லை. நான் ஏறுறன். காத்தும் ஏத்தமும் ஒண்டு எண்டு சொன்னவனைப் பிடிச்சு அடிக்கவேணும்."

"சொன்னது நீங்கதானே அண்ணே."

"அப்ப வேண்டாம், விடும்."

லொறி இப்போது எனக்குப் பின்னால் வந்தது. அவசரப்படுத்தவில்லை, அதுதான் இன்னும் மோசம். இஞ்சின் உறுமிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னாலேயே ஊர்ந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து, "மல்லி, ஏறிக்கோங்க, பரவாயில்ல" என்று சிங்களத்தில், தம்பி முறை வைத்து அன்பாகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். மூன்றாம் மொடக்கில் சைக்கிள் நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது. ஒரு காலை ஊன்றினேன். தொடை வேறு யாருடையதோ மாதிரி துடித்தது.

"வாரும் தம்பி, இஞ்ச நல்ல காத்து!" அண்ணன் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

அப்போது இடது பக்கம் பார்த்தேன். கானுக்கு அந்தப் பக்கம் முதல் கல். குறுக்கு.

இதைச் சரியாக எழுத வேண்டும், ஏனென்றால் இதில்தான் என்னைக் கள்ளன் என்றார்கள். நான் யோசிக்கவில்லை. ஏமாற்றலாம் என்றும் நினைக்கவில்லை, ஏமாற்றக் கூடாது என்றும் நினைக்கவில்லை. கால் ஓய்ந்துபோனால், பின்னால் லொறி வந்தால், மழை வந்தால், பள்ளிக்கூட மணி அடித்துவிட்டால் குறுக்கில் ஏறு. அது எனக்குப் பத்து வயதுக்கு முன்பே உடம்பில் எழுதியது. சைக்கிளைத் தோளில் போட்டேன், கானைத் தாண்டினேன், ஏறினேன். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் வழுக்கும் என்று காலுக்குத் தெரிந்திருந்தது. மிதிக்கும்போது செத்துக் கிடந்த தொடை, நடக்கும்போது உயிர் பெற்றது. அவ்வளவு சந்தோஷமாக அன்றைக்கு ஒரு நிமிடமும் நான் இருக்கவில்லை.

மேலே மடுவத்துக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே ரோஸ் நிறச் சேலை. முதுகில் பிரம்புக் கூடை. நான் ஒரு கணம் வேறு தோட்டத்துக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். எங்கள் தோட்டத்தில் கூடை போய் எத்தனையோ வருடமாகிறது, இப்போது சாக்குப் பைதான். கூடையை ஏதோ ஹோட்டலிலிருந்து வேனில் கொண்டுவந்து மாட்டிவிட்டிருக்கிறார்கள். இடுப்பில் படங்கு கட்டக் கூடாது, பார்க்க அழுக்காக இருக்கும் என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து நிற்கிறார்கள். சைக்கிள் வரும்போதெல்லாம் "வெல்கம், வெல்கம்" என்று சொல்ல வேண்டும். வரிசையில் நாலாவதாக அம்மா.

மலைக்கு வாறேன் என்று நான் சொன்னபோது பதறிய அம்மாவை, விடுமுறை நாளில் மலைக்குப் போகிற மாதிரி வேஷம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அவர் சொல்லவே இல்லை.

முதலில் பார்த்தது பக்கத்து லயத்துப் பெரியம்மா. "அடியே, யாருடி இது குறுக்குல! ஏன்டா தம்பி, நீ சைக்கிள்ல வாறியா, சைக்கிள் ஒன் மேல வருதா?"

வரிசையே கலைந்து சிரித்தது. ஒருவர் 'வெல்கம்' என்பதற்குப் பதிலாகக் குலவையே போட்டுவிட்டார். நான் கடைசிக் கல்லை ஏறுவதற்குள் அம்மா கூடையோடு ஓடி வந்து என் தலைக்கவசத்தைத் தட்டி, "ஒம்பதரைன்னான், ஒம்பதரைக்கே வந்துட்டான் பாத்தீங்களா! லொறியில வரல, பாத்தீங்களா!" என்றார். அந்த நேரத்தில்தான் யாரோ படத்தை எடுத்திருக்கிறார்கள். அம்மாவை வெட்டிவிட்டு, கூடையின் விளிம்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

என்னை முன்பே தாண்டிப் போன இருவர் அப்போதுதான் ரோட்டால் மடுவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். என்னைப் பார்த்து ஒருவர் நேரம் குறிப்பவரிடம் ஏதோ சொன்னார். நேரம் குறிப்பவர் வெள்ளைத் தொப்பி போட்ட நடுத்தர வயதுக்காரர். வந்து என் சப்பாத்திலிருந்த மண்ணைப் பார்த்தார். பிறகு தேயிலைக்குள் போகும் பாதையைப் பார்த்தார்.

"ரோட்டால வரலையா?"

"குறுக்குல வந்தேன்" என்றேன், சிங்களத்தில். "எல்லாரும் இதால்தான் வருவாங்க."

அவர் சிரித்தார். பக்கத்திலிருந்தவரிடம், "ஹொரகம், ஹொரகம்" என்று சொல்லிக்கொண்டே என் இலக்கத்தில் குத்தியிருந்த ஊசிகளைக் கழற்றினார்.

விளையாட்டில் ஏமாற்றுவதற்கு அது சாதாரணச் சொல்தான், எனக்கும் தெரியும். சீட்டாட்டத்தில் கூடச் சொல்வார்கள். ஆனால் எங்கள் தோட்டத்தில் அந்தச் சிங்களச் சொல்லை எல்லாரும் ஒரே இடத்தில்தான் கேட்டிருக்கிறார்கள். காய்ந்த மரக்கிளையை விறகுக்குத் தூக்கி வந்து வாட்சரிடம் பிடிபடும்போது. அதற்கு எங்களுக்கு ஒரே அர்த்தம், களவு.

பெரியம்மாதான் முதலில் வந்தார். "என்னாது? யார் கள்ளன்? என்னத்தக் களவெடுத்துட்டான் எங்க புள்ள?"

"நாங்க பொறந்ததுல இருந்து அதுலதானே போறோம். அப்ப நாங்க எல்லாம் கள்ளிகளா?" என்றார் இன்னொருவர்.

கண்டாக்கு ஓடி வந்தார். "ஏய், சும்மா இருங்க புள்ளைகளா! வெளியாளுக முன்னால தோட்டத்து மானத்த வாங்காதீங்க."

"வாங்குறது நாங்களா கண்டாக்கையா? நல்லா இருக்கே! கூடைய மாட்டிக் குரங்கு மாதிரி நிப்பாட்டி வச்சது யாரு?"

நேரம் குறிப்பவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னைச் சுற்றி ஏன் இத்தனை பெண்கள் கத்துகிறார்கள் என்று உண்மையாகவே பயந்துவிட்டார். "விதி போட்டிருக்கே, நீங்க கையெழுத்துப் போட்டீங்களே" என்றார் என்னிடம். போட்டேன்தான். படித்துத்தான் போட்டேன். ரோட்டை விட்டு விலகினால் தகுதி இழப்பு என்று ஆறாவதாகவோ ஏழாவதாகவோ இருந்தது. விதியில் அவர் பக்கம் தப்பில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட்ட எனக்கு விதியைக் காட்டலாம். எங்கள் நடைபாதைக்கு அந்தப் பெயரை வைக்க அவர் யார்? குறுக்கை விட்டால் எங்களுக்கு வேறு எந்தப் பாதையை யார் போட்டுக் கொடுத்தார்கள்?

இதையெல்லாம் அங்கே நான் சொல்லவில்லை. இப்போது எழுதும்போது வருகிறது. அங்கே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் லொறி ஏழாம் மொடக்கைத் தாண்டி வந்து நின்றது. நேரம் குறிப்பவர் என் தோளைத் தட்டினார். "சரி மல்லி, ஏறுங்க. நுவரெலியாவுக்குப் போய்ச் சாப்பிட்டுப் போகலாம்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. லொறியைப் பார்த்தார். அதன் பின் கதவைத் திறந்து ஒருவர் கீழே இறக்கினார். அந்த இரும்புச் சத்தத்தில் அம்மாவின் கை தன்னையறியாமல் கூடையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

நான் சைக்கிளைத் தூக்கினேன். குறுக்கில் இறங்க ஆரம்பித்தேன்.

"தம்பி! எங்க போறீர்?" லொறியிலிருந்து அண்ணன்.

"விட்ட எடத்துக்கு."

"விசரே உமக்கு?"

மூன்றாம் மொடக்கில், நான் காலை ஊன்றிய இடத்தில், சப்பாத்துத் தடம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த இடத்திலேயே சைக்கிளை வைத்து ஏறினேன். இலக்கம் இல்லை, நேரம் குறிக்க ஆள் இல்லை, பின்னால் லொறியும் இல்லை. நேராக மிதிக்க முடியவில்லை. ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வளைந்து வளைந்து ஏறினேன். நாலாம் மொடக்கில் நின்றேன், ஐந்தாவதில் நின்றேன். நின்ற இடத்திலிருந்தே மறுபடி ஏறினேன். ஒரு அடி தள்ளவில்லை, உருட்டவில்லை.

கோபம்தான் மிதித்தது. ஆனால் கோபத்துக்கு நடுவே ஒன்று கவனித்தேன். இருபத்தெட்டு வயதில் இந்த ரோட்டை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். நாலாம் மொடக்கு பத்தாம் நம்பரைத் தொடுகிறது. ஐந்தாம் மொடக்கு பதினொன்றை. ஆறாம் மொடக்கு பன்னிரண்டை. ஒவ்வொரு மலையின் காலடிக்கும் வந்து, கொழுந்தை வாங்கிக்கொண்டு, அடுத்த மலைக்குத் திரும்புகிறது. லயத்தை ஓர் இடத்திலும் தொடவில்லை. வேலை நேரத்தில் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவைத் தொடவில்லை, கோயிலைத் தொடவில்லை. ஆளுக்காக ரோடு போட்டிருந்தால் ஒரு மொடக்காவது எங்கள் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். வெள்ளைக்காரன் கொழுந்துக்குப் போட்ட ரோடு. அவன் போய் எத்தனையோ தொரை வந்துவிட்டார்கள், ரோடு இன்னும் கொழுந்துக்குத்தான் வளைகிறது. அதில் சைக்கிளில் வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல், குறுக்கில் வருகிறவனுக்குக் கள்ளன் பட்டம்.

ஏழாம் மொடக்கில் மிதித்தபோது சங்கிலி கிறீச்சிட்டது, என் தொண்டையும் அதே மாதிரித்தான் சத்தம் போட்டது.

மடுவத்தில் யாரும் இல்லை. பதாகையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கான் முழுக்க வெற்றுப் போத்தல். மடுவத்துப் படியில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். முதுகில் கூடை இல்லை.

"கூட எங்கம்மா?"

"எண்ணி வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க." என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "எதால வந்த?"

"ரோட்டால."

"முழுசாவா?"

"விட்ட எடத்துல இருந்து முழுசா."

"எங்கயும் எறங்கல?"

"நின்னேன். எறங்கல."

மடுவத்துப் பைப்பைத் திறந்து, கையைக் குவித்துக் குடிக்கச் சொன்னார். நான் குடித்து முடித்ததும், "பெரியம்மா அந்தத் தொப்பிக்காரர விடல. லொறி கெளம்புற வரைக்கும் ஏசிக்கிட்டே இருந்தா. அந்தாளுக்குத் தமிழ் வெளங்காது, ஆனாலும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போனாரு" என்றார்.

"என்னான்னு கேட்டாரு?"

"யாருக்குத் தெரியும்? சிங்களத்துல ஏதோ. கண்டாக்கு சொல்லிக் குடுத்திருப்பாரு."

எங்கள் லயம் மடுவத்துக்கு மேலே. குறுக்கில் ஐந்து நிமிடம். ரோட்டால் போனால் தேயிலை ஸ்டோர் பக்கமாகச் சுற்றி, டிவிஷன் முழுவதும் வளைந்து, லயத்துக்கு எட்ட நின்றுதான் இறங்க வேண்டும். பழக்கத்தில் நான் சைக்கிளைத் தோளில் தூக்கி, கல் படி பக்கம் திரும்பினேன். அம்மா வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ரோஸ் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றார்.

"அதால வேணாம்" என்றார்.

"சுத்தும்மா. ஒங்களுக்குக் காலு வலிக்கும்."

"வலிச்சா வலிக்கட்டும். கள்ளன்னு சொன்னத அம்புட்டுப் பேரும் கேட்டாங்கல்ல? இப்ப அம்புட்டுப் பேரும் பாக்கட்டும்." கையை நீட்டிச் சைக்கிளைக் காட்டினார். "எறக்கி வை. ஏறு. மெதுவா மிதி, நான் பக்கத்துல வாறேன்."

ஏறினேன்.